கேள்வியில் விடுபட்ட வரி

சிவகாசியில் சின்னதாக அச்சகம் நடத்தும் உறவுக்காரத் தம்பி ஒருவன் ஒரு மாலை போன் செய்தான். "அண்ணே, இந்தத் தடவை காசு கட்டி ஒரிஜினலே வாங்கிட்டேன். ஆனா உள்ளே போக மாட்டேங்குது. லாகின் பண்ணா சுத்திக்கிட்டே இருக்கு. நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு." மாதச் சந்தாவில் கிடைக்கும் ஒரு வடிவமைப்பு மென்பொருள் அது. பணம் போய்விட்டதற்கான குறுஞ்செய்தி வந்துவிட்டது. மென்பொருளோ சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது.

மூன்று மாலைகள் உட்கார்ந்தோம். மோடத்தை அணைத்துப் போட்டோம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தோம். கணினியின் தேதி, நேரம் சரியா என்று பார்த்தோம். அதே கணக்கு பிரவுசரில் திறக்கிறது, மென்பொருளுக்குள் மட்டும் திறக்கவில்லை. கழற்றி மறுபடி நிறுவினோம், பயனில்லை. மூன்றாம் நாள் எதற்கும் கேட்டு வைப்போம் என்று, "தம்பி, இதே மெஷின்ல இதோட பழைய வெர்ஷன் ஏதாச்சும் இருந்துச்சா?" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "இருந்துச்சுண்ணே. கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற பையன் போட்டுக் கொடுத்தது."

அதற்கப்புறம் ஐந்து நிமிட வேலைதான். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்று போனால் ஹோஸ்ட்ஸ் என்றொரு சின்ன உரைக் கோப்பு இருக்கும். ஒரு சர்வரின் பெயரை மென்பொருள் கேட்டால், இணையத்தில் விசாரிக்கும் முன் விண்டோஸ் இந்தக் கோப்பைத்தான் பார்க்கும். அதில் ஒரு பெயருக்கு நேரே 127.0.0.1 என்று எழுதியிருந்தால், அந்தப் பெயருக்குப் போகும் அழைப்பெல்லாம் வெளியே போகாமல் அதே கணினிக்கே திரும்பி வந்துவிடும். உரிமம் சரிபார்க்கும் சர்வரோடு மென்பொருள் பேசக்கூடாது என்பதற்காக, பழைய கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி, அந்த நிறுவனத்தின் சர்வர் பெயர்களை இருபதுக்கும் மேற்பட்ட வரிகளாக அங்கே எழுதி வைத்திருந்தது. கிராக் போட்ட மென்பொருளை எப்போதோ நீக்கிவிட்டார்கள், ஆனால் இந்த வரிகள் அதோடு போகவில்லை. காசு கொடுத்து வாங்கிய புதுப் பதிப்பு தன் சர்வரைக் கூப்பிடும்போதெல்லாம் தன் வீட்டு வாசலிலேயே போய் நின்றுகொண்டிருந்தது. வரிகளை அழித்தோம். திறந்துவிட்டது.

தம்பி பொய் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னான். கூச்சத்தில் ஒரே ஒரு வரியை விட்டுவிட்டான், விடையே அந்த வரியில்தான் இருந்தது. திருட்டுப் பிரதி பற்றிப் பேச்சு வந்தால் அறம், சட்டம் என்ற இரண்டு பாதையில்தான் வழக்கமாகப் போகும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு: கிராக் போட்ட பிரதியை வைத்துக்கொண்டு நல்ல தொழில்நுட்பக் கேள்வி ஒன்றைக் கேட்கவே முடியாது. ஏன் என்று புரிய, நல்ல கேள்வி என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உதவி செய்பவர் உங்கள் திரையைப் பார்க்கவில்லை. உங்கள் கணினியைத் தொட முடியாது. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அவர் தன் மேசையில் உங்கள் கணினியைக் கட்டி எழுப்பிப் பார்க்க வேண்டும். அதே பதிப்பு, அதே கோப்பு, அதே படிகள், அதே கோளாறு. அங்கேயும் கோளாறு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பட்டி என்ற தொலைநிலை இணைப்பு மென்பொருளை எழுதிய சைமன் டாதம் 1999-இலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் வலியுறுத்துவது, என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள், உங்கள் ஊகத்தை அதோடு குழப்பாதீர்கள் என்பதுதான். இருபத்தைந்து வருடம் கழித்தும் இதற்கு மேல் பெரிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

தமிழில் நாம் அடிக்கடி பார்க்கும் கேள்வி இப்படி இருக்கும்: "சார், தமிழ் ஃபான்ட் உடையுது. அர்ஜென்ட். ப்ளீஸ் ஹெல்ப்." இதற்குக் குறைந்தது நான்கு வேறு வேறு நோய்கள் பொருந்தும். தனக்கென்று தனிக் குறியீடு வைத்திருக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு எழுத்துருவில் திறந்திருக்கலாம். யூனிகோடு உரையை, யூனிகோடே தெரியாத பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியிருக்கலாம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல், நம் அச்சகங்களில் அதற்கு இன்னும் ஆயுசு முடியவில்லை. பழைய கணினியில் லதா எழுத்துருவில் செய்த கோப்பை விண்டோஸ் 10-இல் திறந்திருக்கலாம். அங்கே லதா தானாக வராது, கூடுதல் எழுத்துருக்களில் ஒன்றாகத் தனியே நிறுவ வேண்டும். அல்லது எல்லாம் சரியாக இருந்து, எழுத்துகளைக் கோக்கும் பகுதி மட்டும் தமிழுக்குத் தோதாக அமைக்கப்படாமல் இருக்கலாம். 'உடையுது' என்ற ஒரு சொல் இந்த நான்கையும் மூடி மறைத்துவிடுகிறது.

இதே ஆள், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர், இப்படி எழுதியிருந்தால்?

"விண்டோஸ் 11, இன்டிசைன் 2023, எழுத்துரு நிர்மலா. யூனிகோடில் தட்டச்சு செய்ததை வேர்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். 'கெண்டை' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. வேர்டிலும் நோட்பேடிலும் சரியாகத் தெரிகிறது. நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினேன், அப்போதும் அப்படியே. புது வெற்று ஆவணத்திலும் அப்படியே. படம் இணைத்திருக்கிறேன்."

விஷயம் தெரிந்தவர் படத்தைத் திறக்கும் முன்பே விடை சொல்லிவிடுவார். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்து முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்துகளைக் கோக்கும் பகுதியின் வேலை. நோட்பேடில் சரியாக வருவதால் உரையில் குற்றமில்லை. இரண்டு எழுத்துருவிலும் ஒரே கோளாறு, ஆகவே எழுத்துருவும் தப்பியது. புது ஆவணத்திலும் வருவதால் கோப்பும் தப்பியது. மிச்சம் இருப்பது மென்பொருள் பத்தியைக் கோக்கும் முறை ஒன்றுதான். அங்கே 'வேர்ல்ட்-ரெடி' என்று பெயரிட்ட முறைக்கு மாற்றினால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். கவனித்தால், கேட்டவரே முக்கால்வாசி வேலையைச் செய்துவிட்டார். இப்படிக் கேள்வியை எழுதிக்கொண்டிருக்கும்போதே விடை கிடைத்து, அனுப்பாமல் அழித்துவிட்ட அனுபவம் எனக்குப் பல தடவை உண்டு.

இன்னொரு வகைக் கோளாறு, கேள்வியே வேறாக இருப்பது. "தமிழ் பிடிஎஃபுக்கு எந்த ஓசிஆர் நல்லது?" என்று, படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து உரையாக்கும் கருவியைப் பற்றி ஒருவர் கேட்பார். ஐந்து பேர் ஐந்து கருவிகளைச் சொல்வார்கள். ஆறாவது ஆள், "ஓசிஆர் எதற்கு?" என்று திருப்பிக் கேட்கும்போதுதான், பிடிஎஃபிலிருந்து உரையைக் காப்பி செய்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வருகிறது என்ற உண்மையான தொல்லை வெளியே வரும். அரைப்புள்ளி நிறைய இருந்தால் பெரும்பாலும் அது பாமினி. அந்த அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் சில நொடியில் யூனிகோடு கிடைத்துவிடும், படமாக்கிப் படிக்க வைக்கும் வேலையே இல்லை. போக நினைக்கும் ஊரைச் சொல்லாமல், தான் பிடித்த பஸ் ஏன் லேட் என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, இதில் கிராக் எங்கே வருகிறது? மேலே சொன்ன நல்ல கேள்வியில் 'இன்டிசைன் 2023' என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது. உதவுபவரிடமும் 2023 இருந்தால், இரண்டும் ஒன்று. கிராக் செய்த பிரதியில் அந்தப் பொருள் போய்விடுகிறது. யாரோ ஒருவர் அதன் உள்ளே கை வைத்திருக்கிறார். உரிமச் சோதனையை எடுத்திருக்கிறார். அளவைக் குறைக்க மொழிக் கோப்புகள், எழுத்துருக்கள், அகராதிகளையும் சேர்த்து எடுத்திருக்கலாம். 'போர்ட்டபிள்' என்று பென்டிரைவில் சுற்றும் பிரதிகளில் இது சகஜம். பதிப்பு எண் என்னவோ அதேதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. உதவுபவர் தன் மேசையில் எத்தனை தடவை முயன்றாலும் உங்கள் கோளாறு அங்கே வராது. வராத கோளாறை அவர் எதைக் கொண்டு தேடுவார்?

இந்த அபத்தத்தை விளையாட்டு உலகம் நன்றாகக் காட்டியிருக்கிறது. 2006-இல் அயர்ன் லோர் என்ற சிறிய நிறுவனம் டைட்டன் குவெஸ்ட் என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதற்குள் பிரதி உண்மையானதா என்று சோதிக்கும் புள்ளிகள் பல இடங்களில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. திருட்டுப் பிரதியை உருவாக்கியவர்கள் முதல் சோதனையை முறித்தார்கள், உள்ளே இருந்தவற்றை விட்டுவிட்டார்கள். ஆட்டக்காரர் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் போனதும் விளையாட்டு பொத்தென்று மூடிக்கொள்ளும். அப்படி ஆடியவர்கள் நேராக இணையத்துக்கு வந்து, இந்த விளையாட்டு ஓட்டை, தினமும் விழுகிறது என்று எழுதினார்கள். திருட்டுப் பிரதி என்று ஒருவரும் எழுதவில்லை. விளையாட்டு வெளியாகும் முன்பே அதற்குக் கெட்ட பெயர் பரவிவிட்டது. 2008-இல் அயர்ன் லோர் மூடப்பட்டபோது, அதைப் பதிப்பித்த டிஎச்க்யூவின் மைக்கேல் ஃபிட்ச் இதை ஆற்றாமையோடு எழுதினார். மூடியதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொய்யான கோளாறு அறிக்கைகள் ஒரு நல்ல சரக்கை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2009-இல் வந்த பேட்மேன்: ஆர்க்கம் அசைலம் விளையாட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒருவர், பேட்மேன் சிறகை விரித்து மிதக்காமல் விரிப்பதும் மடக்குவதுமாக இருக்கிறான், நச்சு வாயு நிரம்பிய அறையைத் தாண்ட முடியவில்லை, என்ன செய்ய என்று உதவி கேட்டார். நிறுவனத் தரப்பிலிருந்து வந்த பதில், அது விளையாட்டில் இருக்கும் பிழை அல்ல, கள்ளப் பிரதியைப் பிடிக்க வேண்டுமென்றே வைத்த பொறி என்றது. பாவம், அவர் கேட்ட கேள்வி இலக்கணப்படி நல்ல கேள்விதான். எந்த இடம், என்ன செய்தேன், என்ன நடக்கிறது, எல்லாம் இருந்தது. விடுபட்டது ஒரு வரி.

2013 ஏப்ரலில் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய கிளக் சகோதரர்கள் இருவரும் ஒரு படி மேலே போனார்கள். விளையாட்டு நிறுவனம் நடத்துவதுதான் அவர்கள் விளையாட்டின் கதையே. அதன் கிராக் பதிப்பை அவர்களே இணையத்தில் விட்டார்கள். அந்தப் பதிப்பில் மட்டும், ஆட்டத்துக்குள் நீங்கள் நடத்தும் நிறுவனம் சில வருடத்தில் திருட்டுப் பிரதிகளால் திவாலாகிவிடும். முதல் நாளில் 3,318 பேர் ஆடினார்கள், அவர்களில் காசு கொடுத்தவர்கள் 214 பேர். மற்றவர்களில் சிலர், என் விளையாட்டுகளை எல்லோரும் திருடுகிறார்கள், இதைத் தடுக்க ஏதாவது வழி உண்டா என்று ஆட்ட நுணுக்கம் கேட்டு எழுதினார்களாம். திருட்டு மாங்காய் தின்றுகொண்டே தோட்டக்காரனிடம் வேலி போட யோசனை கேட்பது மாதிரி.

விளையாட்டில் நஷ்டம் ஒரு மாலை நேரம். வேறு இடங்களில் அப்படியில்லை. 'ஸ்டாப்' என்றும் 'தேஜாவூ' என்றும் அழைக்கப்படும் பணயத் தீநிரல் குடும்பம் 2018 வாக்கிலிருந்து பரவியது. அது வந்த முக்கிய வழி கிராக், போலி உரிம எண் தரும் கீஜென், விண்டோஸ் ஆக்டிவேட்டர் என்ற பெயரில் இறக்கப்படும் கோப்புகள். கல்யாண ஆல்பம், கணக்குப் புத்தகம், ஆய்வேடு எல்லாவற்றையும் பூட்டி, ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து ஒட்டிவிட்டு, ரீட்மீ என்றொரு கடிதம் வைத்துவிட்டுப் போகும். நெடுநாள் அது கேட்டது 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி, 490 டாலர். ஆடித் தள்ளுபடி போல.

2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் இதன் 148 வகைகளுக்கு இலவசத் திறப்புக் கருவி வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பின் வந்த வகைகளில் நிலைமை கடினம். பூட்டும்போது தீநிரலால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் போயிருந்தால், தனக்குள் வைத்திருந்த ஒரு பொதுச் சாவியைப் போட்டிருக்கும், அந்தச் சாவி எப்போதாவது கிடைத்தால் திறக்க வாய்ப்பு உண்டு. கடிதத்தில் இருக்கும் அடையாள எண் 'டி1' என்று முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆக, இங்கே உதவி கேட்பவர் தரவேண்டியவை மிகச் சில: கோப்புப் பெயரில் ஒட்டிய எழுத்துகள், அடையாள எண், கடைசியாக எதை நிறுவினீர்கள். முதல் இரண்டையும் எல்லோரும் தருவார்கள். மூன்றாவதுக்கு, "சும்மாதான் இருந்துச்சு, திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்பார்கள். அந்த மூன்றாவது தெரிந்தால்தான் தீநிரல் இன்னும் உள்ளே இருக்கிறதா, கூடவே கடவுச்சொல் திருடும் நிரல் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க முடியும். கிராக்கோடு வரும் குறிப்பில், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று எழுதியிருக்கும். அதையும் சொல்ல மாட்டார்கள்.

காசு மிச்சம் பிடிப்பது மட்டும் இதற்குக் காரணம் என்று நினைக்க வேண்டாம். 2015-இல் சீனத்து நிரலாளர்கள் பலர், ஐபோன் செயலிகளைக் கட்டும் எக்ஸ்கோடு என்ற கருவியை ஆப்பிள் சர்வரிலிருந்து எடுக்காமல் உள்ளூர்ப் பகிர்வுத் தளத்திலிருந்து எடுத்தார்கள். எக்ஸ்கோடு இலவசம்தான். ஆப்பிள் சர்வரிலிருந்து இறங்க நேரமாகிறது, அவ்வளவுதான். அந்தப் பிரதிக்குள் யாரோ நிரல் செருகியிருந்தார்கள். அதை வைத்துக் கட்டிய செயலிகளுக்குள்ளும் அது புகுந்தது, சீனாவின் பிரபலச் செய்திச் செயலியான வீசாட்டின் ஒரு பதிப்பு உட்பட. நிரலாளர்கள் தம் சொந்த நிரலை வரிவரியாகப் பார்த்தாலும் அது கண்ணில் படாது, ஏனென்றால் அது கருவியில் இருந்தது. எங்கிருந்து இறக்கினேன் என்பதும் கேள்வியில் இருக்க வேண்டிய தகவல்தான்.

உதவுபவர்கள் இந்தப் பேச்சை எடுத்ததும் கதவைச் சாத்துவதற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு, கணினி நிரலின் கள்ளப் பிரதியைத் தெரிந்தே பயன்படுத்துவதற்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வணிக லாபத்துக்காக அல்ல என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நிறுத்தலாம். அச்சகம் அந்தச் சலுகைக்குள் வராது என்பதைத் தம்பிக்குச் சொன்னேன், முகம் மாறியது. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கி 2 ஆண்டு வரை சிறை வைத்தது. இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அப்புறம், பிறர் எழுதுவதற்கு இடம் கொடுப்பவருக்கு இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பும் நிபந்தனைக்கு உட்பட்டது. சட்டமீறல் இருப்பது உரிய வழியில் தெரியவந்த பிறகும் விட்டுவைத்தால் அந்தப் பாதுகாப்பு நிற்காது. சம்பளம் வாங்காமல் ராத்திரி பத்து மணிக்குப் பிறருக்குப் பதில் எழுதும் ஒருவர் இந்தத் தலைவலியை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

இந்தக் கெடுபிடி எங்கே அதிகமோ அங்கே காரணமும் அதிகம். பழைய விளையாட்டுக் கருவிகளைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சோனி தொடுத்த வழக்கில், கனெக்டிக்ஸ் நிறுவனம் எமுலேட்டர் எழுதுவதற்காகச் சோனியின் நிரலை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் சொன்னது. ஆக, எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல. ஆனால் 2024 பிப்ரவரியில் யூசு என்ற எமுலேட்டர் மீது நிண்டெண்டோ வழக்குப் போட்டது, அடுத்த சில நாளிலேயே 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு யூசு மூடப்பட்டது. வழக்கின் முனை, பூட்டைத் திறக்கும் சாவிகளைச் சுற்றியே இருந்தது. அதனால்தான் அந்த வட்டாரத்தில், என் திரை கறுப்பாக இருக்கிறது என்று கேட்டால் பத்துப் பேர் ஓடிவருவார்கள், சாவி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் அடுத்த நிமிடம் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிராக் நம் ஊரில் வெட்கப்பட்டு ஒளித்த பொருளாக எப்போதும் இருந்ததில்லை. கணினி வாங்கினால் ஆபிஸும் போட்டோஷாப்பும் கூடவே வரும் என்று நம்பிய தலைமுறை நாங்கள். சென்னை ரிச்சி தெருவில் பெட்டி அசெம்பிள் செய்து கொடுத்தவர், எல்லாம் போட்டாச்சு சார் என்று சொன்னதில் என்னவெல்லாம் அடங்கியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான பிஎஸ்ஏவின் கணக்குப்படி 2017-இல் இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 சதவீதம் உரிமம் இல்லாதது, உலக சராசரி 37. கணக்கெடுத்தவர்கள் விற்பவர்களின் சங்கம் என்பதை மறக்க வேண்டாம், இருந்தாலும் நம் அனுபவத்துக்கு அது தூரமில்லை. மாதம் பத்து அழைப்பிதழ் வேலை வரும் கடைக்கு டாலர் கணக்கில் சந்தா கட்டுவது பாரம்தான். அந்தப் பாரத்தை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை.

ஆனால் கிராக் வைத்திருப்பவருக்கும் நேர்மையாகக் கேட்க ஒரு வழி உண்டு. பல நிறுவனங்கள் தம் தளத்திலேயே சில நாள் இலவசச் சோதனைப் பதிப்பு தருகின்றன. அதை வேறொரு சுத்தமான கணினியில் நிறுவி அதே கோப்பைத் திறந்து பாருங்கள். கோளாறு அங்கேயும் வந்தால் அது உண்மையான கோளாறு, அந்தப் பதிப்பு எண்ணோடு தாராளமாகக் கேட்கலாம். வரவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. 'அப்டேட் மட்டும் பண்ண முடியாது' என்று சேர்த்து எழுதுவதாலோ, விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் நீர்முத்திரை மூலையில் தெரியும் படத்தை அனுப்புவதாலோ யாரையும் ஏமாற்ற முடியாது. உதவுபவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

உரிமம் உள்ளவர்களும் சில நேரம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறார்கள். பழைய தமிழ் டிடிபி மென்பொருள்கள் பலவற்றுக்குக் கணினியின் பின்னால் சொருகும் டாங்கிள் என்ற உரிமச் சாவி உண்டு. அது உடைந்துபோனவர், டாங்கிள் இல்லாமல் ஓட வைப்பது எப்படி என்று கேட்டால் திருடன் போலத்தான் தெரியும். உரிமம் என்னிடம் இருக்கிறது, டாங்கிள் உடைந்துவிட்டது, விற்றவர் கடையை மூடிவிட்டார், என் பழைய கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும் என்று முதல் வரியிலேயே சொன்னால் கதை மாறும். அவருக்கு வேண்டியது பூட்டை உடைப்பதல்ல, கோப்புகளை மீட்பது. அதற்கு வழி காட்ட ஆள் உண்டு. சட்டப்படி வைத்திருக்கும் நிரலுக்குக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள அதே 1957 சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது.

காசில்லாத மாற்றுகளும் முன்னைப்போல் இல்லை. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸில் ஒரு காலத்தில் தமிழைப் போட்டால் கொம்பெல்லாம் பின்னால்தான் நிற்கும். அரபு எழுத்துக்காக ஓமான் நாட்டுக் குழு ஒன்று உழைத்துச் சேர்த்த, எழுத்துகளைக் கோக்கும் முறை நமக்கும் சேர்ந்து பயன்பட்டது. 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலைப் பதிப்பில் தமிழ் ஒழுங்காகக் கோக்கிறது. வண்ணப் பிரிப்பில் பழகிய கைக்கு அது இன்னும் முரட்டு வண்டிதான், தம்பிக்குப் பிடிக்கவில்லை. திருமண அழைப்பிதழ்களை மட்டும் இப்போது இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் செய்கிறான்.

போன மாதம் மறுபடி எழுதியிருந்தான். இந்தத் தடவை வாட்ஸ்அப்பில் ஒழுங்காக வரிசையாக: எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, 'ஸ்ரீ' மட்டும் பிரிந்து தெரிகிறது, நோட்டோவில் வைத்தால் சேர்ந்து வருகிறது. படமும் எழுத்துருக் கோப்பும் இணைப்பு. கோளாறு அந்த எழுத்துருவிலேயே இருக்கிறது, செய்தவரிடம் சொன்னால் திருத்துவார் என்று பதில் போட்டுவிட்டு, யார் செய்தது என்று கேட்டேன். "ஆயிரம் தமிழ் ஃபான்ட்னு ஒரு ஜிப்ல இருந்துச்சுண்ணே" என்றான். கோப்பை வலது சொடுக்கி விவரங்களைத் திறந்து பார்த்தேன். பெயர் இருந்தது, பதிப்பு எண் இருந்தது. பதிப்புரிமை என்ற வரிக்கு நேரே ஒன்றுமில்லை.